கொட்டுக்கும் பாட்டுக்கும் குறுக்கே நிற்கும் சட்டங்கள்: குமரி மாவட்ட இசைக் கலைஞர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

போன வைகாசியில் ஓர் ஊர்க் கொடைக்கு, அதாவது ஊர்க் கோயில் திருவிழாவுக்கு, வில்லுப்பாட்டு பாடப் போயிருந்தோம். புலவர், குடம், உடுக்கு, கட்டை, ஜால்ரா என்று ஆறு பேர். உடுக்கு நான். கதை சுடலை மாடன் மயானத்துக்குப் போகும் இடத்துக்கு வந்துவிட்டது. சாமக்கொடை என்ற நள்ளிரவுப் பூசை நெருங்க நெருங்கத்தான் அந்தப் பாட்டுக்கு உயிர் வரும். மணி சரியாகப் பத்து. இரண்டு போலீஸ்காரர்கள் வந்து மைக்கை நிறுத்தச் சொன்னார்கள். கமிட்டிக்காரர் அனுமதித் தாளைக் காட்டினார். தாளிலும் பத்து மணி வரை என்றுதான் இருந்தது. அதை யாரும் படித்துப் பார்க்கவில்லை. மைக் இல்லாமல் கொஞ்சம் பாடினோம், முன்வரிசையைத் தாண்டிக் கேட்கவில்லை. காலையில் கணக்குப் பார்க்கும்போது, "பாதிதானே பாடினீங்க" என்று பாதிப் பணம்தான் தந்தார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஒலி மாசு விதிகளைத் தேடி எடுத்து முழுசாகப் படித்தேன். நாலைந்து பக்கம்தான். இருபது வருஷமாக எங்கள் கூலியைத் தீர்மானித்த அந்தத் தாள்களை எங்கள் குழுவில் ஒருவர்கூடப் பார்த்ததில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தமாக இருந்தது. பிறகு ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தேன். படித்த முறையை இங்கே வரிசையாக எழுதுகிறேன். நாதஸ்வரம், தவில், நையாண்டி மேளம், சிங்காரி மேளம், பேண்ட் செட், இன்னிசைக் குழு, ஹோட்டலில் கீபோர்டு என்று எதை வாசித்தாலும் இந்த முறை பொருந்தும்.

முதல் படி: வரவு நோட்டு

சட்டத்திலிருந்து தொடங்காதீர்கள், தலை சுற்றும். உங்கள் பணத்திலிருந்து தொடங்குங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். கடந்த ஒரு வருஷத்தில் வாசித்த ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு வரி எழுதுங்கள். யார் அழைத்தார்கள், பேசிய தொகை எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு, குறைந்தது ஏன், கையில் என்ன தாள் இருக்கிறது. இவ்வளவுதான்.

எங்கள் நோட்டில் "குறைந்தது ஏன்" என்ற பத்தியைப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. பத்து மணிக்கு நிறுத்தியதால் குறைந்தது நான்கு இடத்தில். நிகழ்ச்சியை யூடியூபில் நேரலை போட்டு எங்களுக்கு எதுவும் தராதது ஆறு இடத்தில். ஜிஎஸ்டி என்று சொல்லிப் பிடித்தது ஓர் இடத்தில். கையில் தாள் இருந்தது மொத்தமே மூன்று நிகழ்ச்சிக்கு. அந்தப் பத்திதான் நீங்கள் படிக்க வேண்டிய சட்டங்களின் பட்டியல். மற்றதை இப்போதைக்கு விடுங்கள்.

இரண்டாம் படி: யார் போட்ட விதி?

ஒவ்வொரு தடைக்கும் பக்கத்தில் அதைப் போட்டவர் யார் என்று எழுத வேண்டும். மாற்றக்கூடியவரும் அவர்தான். பதிப்புரிமை முழுக்க மத்திய அரசின் கையில். ஒலி மாசு விதிகளும் மத்திய அரசுடையவை, ஆனால் அவற்றின் கீழ் அனுமதி தருவதும் தளர்வு தருவதும் மாநிலத்தின் வேலை. போலீஸும் பொதுக் கேளிக்கைகளும் மாநிலத்துக்கு உரியவை. கோயில், அறநிலையம் இரண்டு அரசுக்கும் பொதுவான பட்டியலில் இருந்தாலும் நமக்கு நடைமுறையில் இருப்பது மாநிலத்தின் 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டம். ஜிஎஸ்டி விகிதங்களை மத்திய, மாநில அமைச்சர்கள் சேர்ந்த கவுன்சில் பரிந்துரைக்கிறது. இன்னொரு வகையும் உண்டு: எந்த எழுத்திலும் இல்லாமல் "இப்படித்தான் நடக்கும்" என்று ஓடுவது. அது சட்டமே இல்லை என்று தெரிந்துகொள்வதும் இந்த வேலையில் ஒரு பங்கு.

கலெக்டரிடம் போய்ப் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தச் சொன்னால் அவர் என்ன செய்வார்? மனு பதிவாகி, பதில் வந்து, முடிந்துபோகும். இதைத் தெரியாமல் நாங்களும் ஒரு வருஷத்தை வீணாக்கினோம்.

மூன்றாம் படி: மூலத்தைக் கையில் எடுங்கள்

வாட்ஸப்பில் வரும் சுருக்கத்தை நம்பாதீர்கள். மத்திய, மாநிலச் சட்டங்கள் இந்தியா கோட் என்ற அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சட்டம், அதன் கீழ் வரும் விதிகள், அறிவிக்கை, அரசாணை, சுற்றறிக்கை என்று ஐந்து அடுக்கு இருப்பதை நினைவில் வையுங்கள். மேலே உள்ளதைக் கீழே உள்ளது மீற முடியாது. ஓர் அதிகாரி உங்களிடம் எதையாவது கேட்டால், "சார், இது எந்த அடுக்கில் வருது, நம்பர் என்ன?" என்று மரியாதையாகக் கேளுங்கள்.

எடுத்ததும் கடைசித் திருத்தம் எந்த வருஷம் என்று பாருங்கள். பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் வந்தது. 1994-லும் 2012-லும் செய்த திருத்தங்களால்தான் நம்மைப் போன்றவர்களுக்கு அதில் இடம் கிடைத்தது. பழைய பிரதியைப் படித்தால் பாடகருக்கு உரிமையே இல்லை என்று தோன்றும்.

நான்காம் படி: படிக்கும் விதம்

மூன்று இடங்களைப் பென்சிலால் கோடிடுங்கள். முதலில் வரையறைகள். பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துநர் யார் என்ற வரையறையில் நடிகர், பாடகர், இசைக் கலைஞர், நடனமாடுபவர் ஆகியோருடன் பாம்பாட்டியும் இருக்கிறார். அப்படியென்றால் உடுக்கு அடிப்பவர் சந்தேகமில்லாமல் உள்ளே வருகிறார். இரண்டாவது, "ஆனால்", "வரம்புக்கு உட்பட்டு" என்று தொடங்கும் பகுதிகள். பணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மூன்றாவது, பிரிவின் அடியில் "விளக்கம்" என்று வருவது.

சரி, இனி நம் மாவட்டத்துக்கு முக்கியமானவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பத்து மணிப் பிரச்சினை

ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000. இதில் நமக்கு வேண்டியது ஐந்தாம் விதி. ஒலிபெருக்கி வைக்க எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். அனுமதி தரும் அதிகாரி யார் என்று வரையறையில் இருக்கிறது: மாவட்ட மாஜிஸ்திரேட், போலீஸ் கமிஷனர், அல்லது டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத ஓர் அதிகாரி. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை.

நம் ஆட்கள் எல்லாரும் சொல்வது, "மைக்குக்குத்தானே தடை, வெறும் வாத்தியம் வாசிக்கலாமே" என்பது. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். 2010-இல் வந்த திருத்தத்தைப் படித்தால் அந்த நம்பிக்கை போய்விடும். ஒலிபெருக்கியோடு சேர்த்து ஒலி எழுப்பும் கருவி, இசைக்கருவி இரண்டையும் இரவில் பயன்படுத்தக் கூடாதவற்றில் சேர்த்துவிட்டார்கள். விலக்கு, அரங்கம், சமூகக்கூடம் போன்ற மூடிய இடத்துக்குள் நடப்பதற்கும் அவசர நிலைக்கும்தான். எழுத்தை அப்படியே எடுத்தால் மைக் இல்லாத வில்லும் குடமும்கூட இதில் அடங்கும்.

அடுத்த உள்விதியில்தான் வழி இருக்கிறது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக இரவு பத்து முதல் பன்னிரண்டு வரை மாநில அரசு ஒலிபெருக்கிக்குத் தளர்வு தரலாம். ஒரு நாள்காட்டி ஆண்டில் மொத்தம் பதினைந்து நாளுக்கு மேல் போகக் கூடாது. எந்தெந்த நாள் என்று முன்கூட்டியே குறிப்பிட வேண்டும். அதை மாநில அரசு செய்யலாம், அல்லது அரசு அதிகாரம் அளித்தால் மாவட்ட அதிகாரி தன் எல்லைக்குள் செய்யலாம்.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். தீபாவளி எல்லா ஊருக்கும் ஒரே நாள். கொடை அப்படியா? பங்குனி தொடங்கி ஆடி வரைக்கும் ஒவ்வொரு ஊருக்கும் அதனதன் செவ்வாய், அதனதன் வெள்ளி. மண்டைக்காட்டு அம்மனுக்கு மாசி. கோட்டாறு சவேரியார் திருவிழா நவம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் மூன்று வரை. மாநிலம் முழுவதற்கும் பதினைந்து நாளைப் பொறுக்கினால் நம் மாவட்டத்துக் கலைஞர்களின் நாள் அதில் வரவே வராது. ஆகவே மாவட்ட அளவில், முடிந்தால் ஊர் அளவில், பதினைந்து நாளைக் கணக்கிட வேண்டும் என்று கேட்பதுதான் நியாயமான கோரிக்கை. விதியை மீறச் சொல்லாமல், அதற்குள் இருக்கும் இடத்தைப் பயன்படுத்தச் சொல்கிறோம். அப்படிக் கிடைத்தாலும் பன்னிரண்டு மணிக்கு மேல் கிடைக்காது. சாமக்கொடைப் பாட்டை முன்னால் இழுத்துக்கொள்வதா என்று ஊரும் புலவரும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். குடியிருப்புப் பகுதிக்கு விதி வைத்த அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இருக்கும் இடத்தைச் சுற்றி நூறு மீட்டர் வரை அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம். அங்கே பகலில் 50, இரவில் 40தான். பாக்ஸ் ஸ்பீக்கரை எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்து வைத்துவிட்டு அந்த வீட்டுக் கைக்குழந்தையைப் பற்றி நினைக்காத மைக் செட்காரர்களை நானே பார்த்திருக்கிறேன். புகார் வருவது பெரும்பாலும் அதனால்தான், பாட்டினால் இல்லை. ஸ்பீக்கரின் திசையைக் கலைஞரும் ஒருமுறை பார்த்துவிட்டு உட்கார்ந்தால் பாதிப் பிரச்சினை குறையும்.

உங்கள் பாட்டு, உங்கள் குரல்

என் அப்பா காலத்தில் ஒரு கேசட் கம்பெனி வந்து மூன்று கதைகளை ஒரே இரவில் பதிவு செய்தது. தந்தது ஒரு தொகை, வாங்கியது ஒரு கையெழுத்து. அதே கதைகளுக்கு இப்போது இணையத்தில் லட்சக்கணக்கில் பார்வைகள். வீட்டுக்கு ஒரு ரூபாய் வரவில்லை. அந்தத் தாளின் நகல்கூட எங்களிடம் இல்லை. குமரி மாவட்டத்தில் இந்தக் கதை இல்லாத கலைஞர் வீடு குறைவு.

இதில் மூன்று தனித்தனி உரிமைகள் இருக்கின்றன. மூன்றையும் பிரித்துப் படிக்க வேண்டும். ஒன்று, பாட்டை எழுதியவர், மெட்டமைத்தவர் உரிமை: அவர் ஆயுள் முழுவதும், அதற்குப் பின் அறுபது ஆண்டுகள். இரண்டு, ஒலிப்பதிவின் உரிமை: அது பதிவு செய்த தயாரிப்பாளருக்கு. மூன்று, நிகழ்த்துநர் உரிமை: பாடிய, வாசித்த ஒவ்வொருவருக்கும் ஐம்பது ஆண்டுகள். சுடலை கதை யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அதைப் புலவர் தம் சொல்லில் கட்டியிருந்தால் அந்தச் சொல் அவருடையது. அன்றைக்குப் பாடிய பாட்டு பாடியவருடையது.

19-ஆம் பிரிவை எல்லாரும் ஒருமுறை படிக்க வேண்டும். உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு ராயல்டி (பயன்படுத்துவதற்காக உரிமைக்காரருக்குத் தரும் தொகை) என்று சொல்ல வேண்டும். காலம் சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டுதான். இடம் சொல்லாவிட்டால் இந்தியா மட்டும்தான். வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய, அந்த உரிமை காலாவதி. ஐந்தாண்டுக் கணக்கு 1994 திருத்தத்தில் வந்தது. ஆகவே தாளின் தேதியைப் பார்த்துத்தான் பேச முடியும். எங்கள் தாள் கிடைத்தாலும் ஒலிப்பதிவு கம்பெனியுடையதாகவே இருக்கும். சொல்லுக்கும் மெட்டுக்கும் உள்ள உரிமையைப் பற்றித்தான் கேட்க முடியும். இதை முன்பே தெரிந்துகொண்டு வக்கீலிடம் போனால் அவருக்கும் வேலை சுலபம்.

38-ஏ பிரிவு நேரலைக்கு நேரடியாகப் பொருந்துகிறது. உங்கள் நிகழ்ச்சியைப் பதிவு செய்வதும் ஒளிபரப்புவதும் பொதுமக்களிடம் கொண்டுபோவதும் உங்கள் உரிமை. வணிக நோக்கில் பயன்படுத்தினால் ராயல்டிக்கு உரியவர் என்றும் அதே பிரிவு சொல்கிறது. கொடைக் கமிட்டி கேமராமேனை அழைத்து வந்து தங்கள் சேனலில் போடுகிறதென்றால், உங்களிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் நாம் மறுக்கப் போவதில்லை. கேட்கட்டும், ஒரு தொகை பேசட்டும்.

சொந்தப் பாடல் எழுதுபவர்கள், மெட்டுப் போடுபவர்கள் ஐபிஆர்எஸ் சங்கத்திலும், பாடகர்கள், வாத்தியக்காரர்கள் ஐசாம்ரா சங்கத்திலும் உறுப்பினராகச் சேர்வதைப் பற்றி விசாரிக்கலாம். ராயல்டியை வசூலித்து உறுப்பினர்களுக்குத் தரும் சங்கங்கள் இவை. முன்னது 1969-லிருந்து இருக்கிறது.

இன்னிசைக் குழுவினருக்கு இன்னொரு பக்கம்: அடுத்தவர் பாட்டைத்தான் பாடுகிறோம். 52-ஆம் பிரிவு, சமயச் சடங்கிலும் அரசு விழாவிலும் பாடுவதற்கு விலக்கு தருகிறது. அதன் விளக்கம் கல்யாண ஊர்வலத்தையும் கல்யாணத்தோடு சேர்ந்த கொண்டாட்டங்களையும் சமயச் சடங்கில் சேர்க்கிறது. மண்டபத்தில் உரிமக் கட்டணம் கேட்டு வந்தால், மத்திய அரசின் தொழில் வளர்ச்சித் துறை 2023 ஜூலை 24 அன்று இதைத் தெளிவுபடுத்தி வெளியிட்ட அறிவிப்பைக் காட்டுங்கள். கோயில் திருவிழா மேடையில் நடக்கும் சினிமாப் பாட்டுக் கச்சேரி சடங்கின் பகுதியா என்பது வாதத்துக்கு உரியது. கன்னியாகுமரி ஹோட்டலில் புத்தாண்டு இரவுக்கு விலக்கு கிடையாது. அங்கே உரிமம் எடுப்பது ஹோட்டலின் பொறுப்பு என்று முன்பே எழுதி வாங்குங்கள்.

ஜிஎஸ்டி

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நாட்டுப்புற அல்லது செவ்வியல் இசை, நடனம், நாடகம் நிகழ்த்தும் கலைஞருக்கு ஒரு நிகழ்ச்சிக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை வரி விலக்கு. 2017-ஆம் ஆண்டு 12-ஆம் எண் அறிவிக்கையில் இருக்கிறது. வில்லுப்பாட்டும் நாதஸ்வரமும் இதில் வரும், சினிமாப் பாட்டு வராது. அதுவும் போக, சேவைக்கு ஆண்டு வருமானம் 20 லட்சத்தைத் தாண்டாதவர் பொதுவாகப் பதிவே செய்ய வேண்டியதில்லை. நாங்கள் பதிவே செய்யாத குழு. எங்கள் கூலியில் ஜிஎஸ்டி என்று சொல்லி 18 சதவீதம் பிடித்த நிகழ்ச்சி ஏற்பாட்டாளரிடம் இந்த அறிவிக்கையின் நகலைக் கொடுத்தோம். இரண்டு வாரத்தில் திரும்பித் தந்தார்.

கோயில் வாத்தியக்காரர்கள்

நம் மாவட்டத்துக்கு முக்கியமான ஒரு விஷயம் இது. 1956 நவம்பர் 1-இல் நாம் தமிழகத்தோடு சேர்ந்தபோது திருவிதாங்கூர் தேவசம் என்ற கோயில் நிர்வாக அமைப்பின் கோயில்களும் சேர்ந்து வந்தன. அவற்றின் பராமரிப்புக்காகத் தமிழ்நாடு அரசு ஆண்டுதோறும் 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் தர வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 290-ஏ பிரிவிலேயே எழுதியிருக்கிறது. அந்த எண் இன்றும் அப்படியே இருக்கிறது. அரசு அதற்கு மேலும் மானியம் தருகிறது என்றாலும், வருமானம் குறைந்த சிறு கோயில்களில் தினமும் காலையும் மாலையும் வாசிப்பவரின் சம்பளம் இந்தக் கணக்கிலிருந்து வருவதுதான்.

இப்போது நியமனங்களுக்கு அடிப்படை 2020-ஆம் ஆண்டு பணி நிபந்தனை விதிகள். நாதஸ்வரம், தவில், தாளம் எல்லாம் அதில் பதவிகள். இசைப்பள்ளிச் சான்றிதழ் கேட்கிறார்கள். தாத்தாவிடமும் மாமாவிடமும் பத்து வயசிலிருந்து கற்றவர் எங்கே போவார்? நீங்கள் அரசுக்கு எழுதப்போகும் குறிப்பில் இதற்கு ஒரு பத்தி தரலாம். குரு வழியில் கற்றவருக்கு ஒரு செய்முறைத் தேர்வு வையுங்கள், எங்கள் பிள்ளைகள் வாசித்துக் காட்டுவார்கள்.

நல உதவிகள்

தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் வேறு, இயல் இசை நாடக மன்றம் வேறு, மத்திய அரசின் மூத்த கலைஞர் நிதியுதவி வேறு. மூன்றையும் குழப்பிக்கொண்டு ஒரே மனுவில் கேட்பவர்கள்தான் அதிகம். வாரியத்தில் உறுப்பினர் ஆனால்தான் அதன் கல்வி, திருமண, விபத்து, மரண உதவிகள். மன்றம் நலிந்த கலைஞர்களுக்கு மாத உதவி தருகிறது. மத்திய அரசின் திட்டம் அறுபது வயது கடந்த, வருமானம் குறைந்தவர்களுக்கு மாதம் 6,000 ரூபாய் வரை. நம் மாவட்டம் கலை பண்பாட்டுத் துறையின் திருநெல்வேலி மண்டலத்தில் வருகிறது.

கலைகளின் பட்டியலில் உங்கள் கலை எந்தப் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். வில்லுப்பாட்டா, வில்லிசையா? சர்ச் பேண்ட் இருக்கிறதா? களியக்காவிளை தாண்டிக் கேரளத்தில் அதிகம் வாசிப்பவர்கள் அந்த மாநிலத்தின் கலைஞர் நல நிதியைப் பற்றியும் விசாரிக்க வேண்டும்.

ஐந்தாம் படி: நடைமுறையை அளந்து பாருங்கள்

எழுத்தில் இருப்பதையும் நடப்பதையும் ஒப்பிட, தகவல் அறியும் உரிமைச் சட்டம் போதும். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "ஏன் தரவில்லை" என்று கேட்காதீர்கள், ஆவணத்தைக் கேளுங்கள். நாங்கள் கேட்டது இப்படி: "ஒலி மாசு விதிகள் 5(3)-இன் கீழ் கடந்த ஐந்து ஆண்டுகளில் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தளர்வு அளித்த நாட்களின் பட்டியலும் அதற்கான ஆணைகளின் நகலும் வழங்கவும்." இரண்டே வரி. சுற்றி வளைத்து எழுதினால் பதிலும் சுற்றி வளைத்தே வரும்.

ஆறாம் படி: இரண்டு பக்கக் குறிப்பு

ஒவ்வொரு தடைக்கும் ஒரு பத்தி. விதி எண், அது என்ன சொல்கிறது, எங்கள் நோட்டில் அதனால் எத்தனை நிகழ்ச்சி, எவ்வளவு ரூபாய் குறைந்தது, என்ன மாற்றம் வேண்டும், அதைச் செய்யக்கூடியவர் யார். கோபத்தை வேறொரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இதில் வேண்டாம். வில்லுப்பாட்டுக்காரர் மட்டும் கையெழுத்துப் போடாமல், நாதஸ்வரக்காரர், சர்ச் பேண்ட் மாஸ்டர், மைக் செட்காரர் எல்லாரும் போட்டால் அந்தத் தாளுக்குத் தனி பலம்.

மாவட்டத்தால் முடிவதை நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மாநிலத்தால் முடிவதை எம்எல்ஏ வழியாகவும் சட்டமன்ற மனுக்கள் குழுவுக்கும் அனுப்புங்கள். மத்தியச் சட்டத் திருத்த வரைவுகளைக் குறைந்தது முப்பது நாள் பொதுமக்கள் கருத்துக்கு வைக்க வேண்டும் என்று 2014-லிருந்து ஒரு கொள்கை உண்டு. பதிப்புரிமையில் வரைவு வரும்போது அந்த நாட்களைத் தவற விடாதீர்கள். தமிழில் எழுதலாம், தயங்க வேண்டாம்.

இதெல்லாம் முடிய மாதங்கள் ஆகும். அதுவரை அச்சாரச் சீட்டைத் திருத்திவிடுங்கள். எங்கள் புதுச் சீட்டில் மூன்று வரி சேர்த்திருக்கிறோம். ஒலிபெருக்கி அனுமதி வாங்குவது கமிட்டியின் பொறுப்பு, நகலை முன்கூட்டித் தர வேண்டும். அனுமதி நேரத்தால் நிகழ்ச்சி சுருங்கினாலும் பேசிய தொகை குறையாது. பதிவும் நேரலையும் தனி ஒப்புதலோடு, தனித் தொகையோடு.

இந்த மாசியில் அச்சாரம் கொடுக்க வந்த ஓர் ஊர்ச் செயலாளர் அந்தச் சீட்டைத் திண்ணையில் உட்கார்ந்து முழுசாகப் படித்தார். மூன்றாவது வரியில் விரலை வைத்து, "இது என்னது புலவரே?" என்று கேட்டார். சொன்னோம். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு தன் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து, "நேரலைக்கு 2,000 ரூபாய்" என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.